அலுமினியம்

சோறு வடிக்கும் பானையும், பால் கொண்டுசெல்லும் கேனும், நெடிய கோபுரங்களின்மேல் மின்சாரத்தைச் சுமந்து செல்லும் கம்பியும், வானூர்தியின் உடலும் அலுமினியத்தால் ஆகின்றன. இன்று எளியோர் அடுக்களையிலும் காணப்படும் இவ்வுலோகம் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பேரரசர்களின் பொருளாக இருந்தது. பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் தம் சிறப்பு விருந்தினர்க்கு அலுமினியக் கரண்டிகளையும், ஏனையோர்க்குப் பொற்கரண்டிகளையும் வைக்கச் செய்தார் என்று ஒரு கதை வழங்குகிறது. கதை எவ்வாறாயினும், அவ்வுலோகத்தின் அருமை பொய்யன்று. 1884ஆம் ஆண்டில் அமெரிக்காவின் தலைநகரில் வாசிங்டன் நினைவுத்தூணைக் கட்டி முடித்தவர்கள், அதன் உச்சியில் ஏறத்தாழ மூன்று கிலோகிராம் எடையுள்ள அலுமினியக் கூம்பு ஒன்றை மணிமுடிபோல் பொருத்தினர்.

இவ்வளவு அருமை பாராட்டப்பட்ட உலோகம் கிடைத்தற்கு அரியதா என்றால், இல்லை. பூமியின் மேலோட்டில் இரும்பைக் காட்டிலும் அலுமினியமே மிகுதி; எடையில் நூற்றுக்கு எட்டுப் பங்கு அதுவே ஆகும். குயவர் மிதித்துப் பிசையும் களிமண்ணிலும் அது உண்டு. கையருகே கிடந்த பொருளை மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளாக எடுத்துக்கொள்ள இயலாமற் போனது ஏன்?

உலோகங்களுட் பல மண்ணில் தனித்துக் கிடப்பதில்லை. ஆக்சிஜன், கந்தகம் முதலியவற்றோடு கூடிக் கனிமங்களாகவே கிடக்கின்றன. உலோகத்தைப் பிரித்தெடுக்கத் தக்க கனிமத்தைத் தாது என்பர். இரும்புத் தாதுவைக் கரியோடு சேர்த்து உலையிலிட்டு ஊதினால், கரி தாதுவிலுள்ள ஆக்சிஜனைக் கவர்ந்துகொள்ள, இரும்பு தனித்து நிற்கும். பண்டைக் கொல்லர்கள் இதன் காரணத்தை அறியாமலே செயலை அறிந்திருந்தனர். அலுமினியமோ ஆக்சிஜனை மிக இறுகப் பற்றிக்கொள்வது. இரும்பை விடுவித்த உலைக்கரியால் அப்பிடியைத் தளர்த்த முடியவில்லை.

1825ஆம் ஆண்டில் டென்மார்க்கு நாட்டு அறிஞர் எர்ஸ்டெடு முதன்முதலாக அலுமினியத்தைச் சிறிதளவு பிரித்தார். 1854இல் பிரெஞ்சு அறிஞர் தெவீல் சோடியத்தின் துணைகொண்டு அதனைச் சற்று மிகுதியாக எடுக்க வழி கண்டார். ஆனால், சோடியமே விலையுயர்ந்த பொருள். ஆகவே இம்முறையால் பிறந்த உலோகமும் மலிவாகவில்லை.

அமெரிக்காவில் ஓபர்லின் என்னும் ஊரின் கல்லூரியில் பயின்றவர் சார்லசு மார்ட்டின் ஹால். அலுமினியத்தை மலிவாக எடுக்கும் வழியைக் காண்பவர் பெருஞ்செல்வர் ஆவார் என்று ஆசிரியர் சூவெட்டு வகுப்பில் கூறியது அவர் உள்ளத்தில் ஊன்றியது. பட்டம் பெற்றபின் தம் வீட்டு விறகுக் கொட்டகையையே ஆய்வுக்கூடமாக்கினார். மின்கலங்களைத் தாமே அமைத்தார். அதே கல்லூரியில் வேதியியல் கற்ற அவர் தமக்கை சூலியா உடனிருந்து உதவினார். அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்த அலுமினா என்னும் வெண்பொடி எளிதில் உருகாது. அதனை உருக்க 2,000 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பம் வேண்டும். ஆனால், உருகிய கிரையோலைட்டு என்னும் கனிமத்தில் இட்டால், நீரில் உப்புப்போல் அது கரைந்துவிடும் என்பதை ஹால் கண்டார். அக்குழம்பில் மின்சாரத்தைச் செலுத்தினார். முதலில் உலோகம் கிடைக்கவில்லை. களிமண் மூசையே கரைந்து குழம்பைக் கெடுத்தது. மூசையின் உள்ளே கரிப்பூச்சு அமைத்து மீண்டும் முயன்றார். 1886 பிப்ரவரி 23ஆம் நாள் வெள்ளிபோல் ஒளிரும் சிறு உருண்டைகள் அவர் கையில் இருந்தன. அப்போது அவருக்கு வயது 22.

அதே ஆண்டில், ஹாலைப்பற்றி ஏதும் அறியாத பால் எரூல் என்ற இளைஞர் பிரான்சு நாட்டில் இதே முறையைக் கண்டுபிடித்தார். இருவரும் பிறந்தது 1863இல். இருவரும் மறைந்தது 1914இல். வரலாற்றில் இத்தகைய பொருத்தம் அரிது.

இம்முறைக்குத் தூய அலுமினா வேண்டும். ஆசுதிரியரான பாயர் அதற்கு வழிகண்டு 1888இல் காப்புரிமை பெற்றார். அவர் அலுமினாவை நாடியது துணிகளுக்குச் சாயம் ஏற்றுவதற்கே என்பது வியப்பன்றோ! அவர் முறைப்படி, பாக்சைட்டு என்னும் செந்நிறத் தாதுவைப் பொடித்து, மிகுந்த அழுத்தத்தில் சூடான எரிசோடாக் கரைசலில் இடுவர். அலுமினியப் பகுதி கரையும். இரும்புத் துருவும் பிற மாசும் செஞ்சேறாகத் தங்கும். தெளிந்த கரைசலினின்று படியும் வெண்பொருளைச் சுட்டால் அலுமினா கிடைக்கும். நான்கு டன் பாக்சைட்டிலிருந்து ஏறத்தாழ இரண்டு டன் அலுமினாவும், அதிலிருந்து ஒரு டன் அலுமினியமும் பெறலாம்.

எஞ்சிய செஞ்சேற்றைக் கரைகட்டித் தேக்கிவைக்கின்றனர். அது தோலை அரிக்கும் காரம் உடையது. 2010ஆம் ஆண்டில் அங்கேரி நாட்டில் அத்தகைய தேக்கம் ஒன்றின் கரை உடைந்து, சேறு ஊர்களுக்குள் பாய்ந்ததில் பத்துப் பேர் உயிரிழந்தனர். பானையின் விலையில் இச்சேறு கணக்கிடப்படுவதில்லை.

மின்சாரச் செலவோ மிகப் பெரிது. ஒரு கிலோகிராம் அலுமினியத்துக்கு 13 முதல் 15 அலகு வரை மின்சாரம் வேண்டும். சில மணி நேரம் மின்சாரம் நின்றுபோனால் தொட்டிகளிலுள்ள குழம்பு உறைந்து பாறையாகிவிடும். ஆகவே தாது கிடைக்கும் இடத்தைவிட மின்சாரம் கிடைக்கும் இடத்தையே உருக்காலைகள் நாடும். சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் வெட்டிய பாக்சைட்டு, காவிரி அணையின் அருகிலுள்ள மேட்டூருக்குச் சென்றது. அங்கே 1960களில் தொடங்கிய உருக்கும் பணி 2008இல் நின்றது.

ஒருமுறை பிரிக்கப்பட்ட அலுமினியத்தை மீண்டும் உருக்குவது எளிது. ஆக்சிஜனின் பிடியை முன்னரே அறுத்துவிட்டமையால், தாதுவிலிருந்து எடுப்பதற்கு ஆகும் ஆற்றலில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கே போதும். ஓட்டை விழுந்த பானையைப் பழைய பாத்திரக்காரர் காசு கொடுத்து வாங்கிச் செல்வது இதனால்தான்.