பனியில் உறையாத பாதங்கள்

ஆர்க்டிக் பகுதிக்குச் சுற்றுலா செல்வோர், வழிகாட்டியின் துணையுடன் நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டியில் பயணம் செய்வதைக் காணொளிகளில் பார்த்திருப்பீர்கள். வெப்பநிலை −20 டிகிரி செல்சியஸ். பயணிகளின் கால்களில் தடித்த காலணி. நாய்களுக்குச் சில வேளை துணியுறை அணிவிப்பார்கள். அது கூரிய பனிக்கட்டி பாதத்தைக் கிழிக்காமல் இருக்கத்தான். அப்படியானால் குளிரில் பாதம் ஏன் உறைவதில்லை?

இரத்தம் செய்யும் வேலை

சூடான இரத்தத்தைப் பாதத்திற்குக் கொண்டு வருவது தமனி. குளிர்ந்த இரத்தத்தை உடலுக்குத் திருப்பி எடுத்துச் செல்வது சிரை. நாயின் பாதத்தில் இவை இரண்டும் மிக நெருக்கமாக, எதிரெதிர்த் திசையில் செல்கின்றன. வெப்பம் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்திற்குப் பாயும் அல்லவா? அதனால் தமனியின் வெப்பம் சிரைக்கு மாறி, உடலுக்கே திரும்புகிறது. இதுவே எதிரோட்ட வெப்பப் பரிமாற்றம். 2011இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் நாயின் பாதத்தை மின்னணு நுண்ணோக்கியில் ஆராய்ந்து இந்த அமைப்பை விளக்கினர். பென்குவின் கால்களிலும் இது உண்டு.

வெப்பம்தான் எதிரி

ஓடும்போது தசைகள் வெப்பத்தை உண்டாக்கும். நாய்க்கு நம்மைப்போல் உடல் முழுதும் வியர்க்காது. பெரும்பாலும் மூச்சிரைத்தே உடலைக் குளிர்விக்கும். ஆகவே, வண்டி இழுக்கும் நாய்களுக்குக் குளிரைவிட வெப்பமே பெரிய ஆபத்து.

புக்கிட் மேராவில் நண்பகலில் நாயை நடக்க அழைத்துச் செல்கிறீர்களா? முதலில் உங்கள் புறங்கையை நடைபாதையில் 5 விநாடி வையுங்கள். உங்களால் தாங்க முடியாவிட்டால், நாயின் பாதமும் தாங்காது. மாலை வரை காத்திருங்கள்.

சிந்திக்க: தமனியும் சிரையும் தள்ளித் தள்ளி இருந்தால், பனியில் ஓடும் நாயின் உடல் வெப்பநிலை என்னவாகும்?