எந்த வாசல் என்பதை இங்கேயே முடிவு செய்

திண்டிவனம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியப்பா எழுதுவது. உனக்கு விசா வந்துவிட்டது என்று உன் அப்பா விழுப்புரத்திலிருந்து போன் செய்தான். 1460-இல் தொடங்கிய பாசல் பல்கலைக்கழகம் சுவிட்சர்லாந்திலேயே மூத்தது. அங்கே நீ ஆராய்ச்சிக்குப் போவது எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்பதை நேரில் சொல்கிறேன். நீ இறங்கப்போகும் விமான நிலையத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். உன் அக்கா பிரான்சின் மியூலூஸில் குடியிருப்பதால் அந்த இடம் எனக்குப் பழக்கம். பெட்டி கட்டுவதற்கு முன்பே நீ அதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

பாசல் சுவிஸ் நகரம். அதன் விமான நிலையமோ முழுக்கப் பிரெஞ்சு மண்ணில், சான் லூயி என்ற ஊரை ஒட்டி இருக்கிறது. ஜெர்மனியின் பிரைபர்க் மக்களும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஐரோப்பாவில் போர் ஓய்ந்து சரியாக ஓராண்டில், 1946 மே 8 அன்று, அங்கே தற்காலிக ஓடுதளம் திறந்தார்கள். 1949 ஜூலை 4 அன்று பிரான்சும் சுவிட்சர்லாந்தும் ஒப்பந்தம் போட்டன. நிலம் பிரான்சுடையது, கட்டுவது சுவிட்சர்லாந்து, நிர்வாகம் இருவருக்கும் பொது.

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி போகும் சாலையை நினைத்துக்கொள். வளவனூர் தாண்டினால் மதகடிப்பட்டும் திருபுவனையும் புதுச்சேரி. கண்டமங்கலம் வந்தால் மறுபடி நம் மாவட்டம். வில்லியனூர் திரும்பவும் புதுச்சேரி. சாலை ஒன்றுதான், பெட்ரோல் விலையும் மதுச் சட்டமும்தான் மாறுகின்றன. அந்த விமான நிலையத்தில் இதே மாற்றம் ஒரே கூரைக்குள் நடக்கிறது. பெட்டியை எடுத்த பிறகு பிரெஞ்சு வாசல் ஒன்று, சுவிஸ் வாசல் ஒன்று. நீ எதில் வெளியே வருகிறாயோ, அதைப் பொறுத்தே உன் பஸ், பணம், சுங்க விதி எல்லாம்.

ஆகவே முதல் இரவு எங்கே தங்குகிறாய் என்பதை இன்றே முடிவு செய். பாசலில் உள்ள உன் விடுதிக்கு நேரே போவதானால் சுவிஸ் வாசல். வெளியே 50-ஆம் எண் பஸ் நிற்கும், பாசல் ரயில் நிலையத்துக்கு ஏறத்தாழ 20 நிமிடம். அந்தச் சாலை பிரெஞ்சு மண்ணின் வழியே போனாலும் இருபுறமும் வேலி போட்டு நேரே சுவிஸ் எல்லைக்குள் விடும். அக்கா வீட்டுக்கானால் பிரெஞ்சு வாசல். அங்கிருந்து சான் லூயி ரயில் நிலையத்துக்குப் பஸ், பிறகு மியூலூஸுக்கு ரயில். உன் சுவிஸ் விசாவில் பிரான்சில் சில நாள் தங்கத் தடையில்லை. ஆனால் பாசல் போய்ச் சேர்ந்த 14 நாளுக்குள் உன் முகவரியை அங்குள்ள குடியிருப்போர் அலுவலகத்தில் பதிய வேண்டும். அக்கா பாசத்தில் "இன்னும் நாலு நாள் இரு" என்பாள். முதலில் பதிவை முடி, பிறகு சனி, ஞாயிறுகளில் அவளிடம் போகலாம்.

பாஸ்போர்ட் சோதனையை அந்த விமான நிலையத்தில் எதிர்பார்க்காதே. உள் எல்லைகளில் பாஸ்போர்ட் பார்க்காத ஷெங்கன் ஏற்பாட்டில் 2008 டிசம்பரில் சுவிட்சர்லாந்து சேர்ந்துவிட்டது. அதே ஏற்பாட்டில் உள்ள ஜெர்மனியின் பிராங்பர்ட்டில் நீ விமானம் மாறுவதால் உன் பாஸ்போர்ட்டை அங்கேதான் பார்ப்பார்கள். பல்கலைக்கழகக் கடிதம், தங்குமிட முகவரி, காப்பீட்டுத் தாள் எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். அந்த வரிசை நீளும் என்பதால் இரண்டு விமானங்களுக்கும் இடையே போதிய நேரம் விட்டு டிக்கெட் எடு. பாசலில் இறங்கினால் யாரும் நிறுத்த மாட்டார்கள், நேரே பெட்டி, நேரே வாசல். தூக்கக் கலக்கத்தில் கூட்டத்தோடு தவறான பக்கம் போய்விடுவது அதனால்தான். அப்படிப் போய்விட்டாலும் பதறாதே. கட்டடத்துக்குள்ளேயே சுங்கக் காவலைக் கடந்து மறுபக்கம் வர வழி உண்டு. தகவல் மேசையில் கேள்.

டிக்கெட் தேடும்போது இன்னொன்று. இந்த ஒரே நிலையத்துக்கு மூன்று குறியீடுகள்: பாசலுக்கு பி.எஸ்.எல்., மியூலூஸுக்கு எம்.எல்.எச்., பொதுவாக இ.ஏ.பி. மூன்றிலும் தேடிப் பார். எது அச்சாகி வந்தாலும் இறங்கும் இடம் ஒன்றே.

பெயரில் கவனம் வை. நமக்கு இனிஷியல் வழக்கம். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் எந்த இடத்தில் விரிவாக இருக்கிறதோ, டிக்கெட்டிலும் அப்படியே இருக்க வேண்டும்.

சுங்கத்துக்கு வருவோம். சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, அதனால் சுங்கம் தனி. 2025 ஜனவரியிலிருந்து ஒருவர் வரியில்லாமல் கொண்டுபோகும் பொருள்களின் மதிப்பு 150 பிராங்க்தான், முன்பு 300. விமானத்தில் ஒன்றியத்துக்குள் வருபவருக்கோ 430 யூரோ. உன் சொந்த உடைகள் இதில் சேராது, பரிசாகக் கொடுக்க வாங்கிய புதுப் பட்டு சேரும். உன் அம்மாவிடம் இதைக் கண்டிப்பாகச் சொல்: நெய், பால்கோவா, கறி ஊறுகாய் எதுவும் கூடாது. பச்சைக் கறிவேப்பிலைக்கும் மாம்பழத்துக்கும் தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் இரண்டு பக்கமும் அனுமதி இல்லை. பருப்புப் பொடி, குழம்பு மிளகாய்த்தூள், புளி போதும். மருந்து ஒரு மாதத்துக்கு மட்டும், டாக்டர் சீட்டோடு.

பணத்தில் பெரும்பங்கு பிராங்காக இருக்கட்டும், கொஞ்சம் யூரோ தனியே வைத்துக்கொள். போன் திட்டம் வாங்கும்போது "ஐரோப்பா" என்று போட்டிருந்தால் போதாது, சுவிட்சர்லாந்து அதில் உண்டா என்று கேள். எல்லையோரத்தில் போன் தானாகப் பக்கத்து நாட்டு டவரைப் பிடித்துக் கட்டணத்தை ஏற்றிவிடும், நெட்வொர்க்கை நீயே தேர்ந்தெடு. ஆபத்தென்றால் எந்தப் பக்கத்திலும் 112.

கடைசியாக, நம் பக்கத்துப் பயணம். உன் விமானம் நள்ளிரவுக்குப் பிறகு. 12-ஆம் தேதி அதிகாலை 2 மணி என்றால் 11-ஆம் தேதி மாலையே வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். தேதியைப் பிசகி விமானத்தை விட்டவர்கள் உண்டு. ஞாயிறு மாலையாக இருந்தால் விக்கிரவாண்டி, ஆத்தூர், பரனூர் என்று சுங்கச்சாவடி ஒவ்வொன்றிலும் வண்டிகள் தேங்கும், பெருங்களத்தூரில் நெரிசல் தனி. விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் மீனம்பாக்கத்தில் இருக்கும்படி கணக்கிட்டுக் காரில் வா. திண்டிவனத்தில் நானும் ஏறிக்கொள்கிறேன்.

இவ்வளவையும் உன்னைப் பயமுறுத்த எழுதவில்லை, கண்ணு. வழி கேட்கக் கூச்சப்படாதே. ஆனால் எங்கே போக வேண்டும் என்பதை மட்டும் பிறர் முடிவுக்கு விடாதே. அது தெரிந்திருந்தால் மூன்று நாடுகள் கூடும் இடத்திலும் தனியாக நடக்கலாம்.

முதல் இரவு அக்கா வீடா, விடுதியா என்று இந்த வாரத்துக்குள் எனக்குச் சொல். அவளுக்கும் எழுதிவிடுகிறேன். அந்த முகவரியை ஒரு தாளில் எழுதி, எந்த வாசல் என்பதையும் அதன் கீழே குறித்து, பாஸ்போர்ட்டுக்குள் வை.

நல்லபடியாகப் போய், நன்றாகப் படி.

அன்புடன்,
உன் பெரியப்பா