தறியை விட்டு மின்பணிக்குச் செல்வோர் வாங்கும் கருவிகள்

சென்ற ஆண்டு நெசவாளர் சங்கமொன்றின் கணக்குகளை நாம் பார்வையிட்டபோது, கடன் பேரேட்டில் ‘கருவிகள் வாங்க’ என்ற குறிப்புடன் ரூ. 12,000 பற்று எழுதப்பட்டிருக்கக் கண்டோம். தறிக் கருவியாக இருக்கும் என்றெண்ணி விசாரித்தோம். 38 வயதான உறுப்பினர் ஒருவர், தறிக்கூலி குடும்பத்துக்குப் போதாமையால் உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் ஒயர்மேன் வேலை பழகத் தொடங்கியிருப்பதாகவும், அதற்கே அக்கடன் பெற்றதாகவும் செயலாளர் கூறினார். தவணை இரண்டு நின்றுபோயிருந்தது. காரணம் கேட்க அவர் இல்லம் சென்றோம்.

வலக்கையைத் தூளியிட்டுக் கழுத்தில் கட்டியிருந்தார். கடனாகப் பெற்ற தொகையில் பெரும்பகுதிக்கு, 108 உருப்படிகள் அடங்கிய கருவிப்பெட்டி ஒன்றை வாங்கியிருந்தார். திறந்து பார்த்தோம். மோட்டார் வாகனம் பழுதுபார்ப்போர்க்கு உதவும் குழல் திருகிகளே பாதிக்கு மேல். அவர் அதுவரை எடுத்துப் பயன்படுத்தியவை ஒன்பது உருப்படிகள்தாம். அவற்றுள் ஒன்றான டெஸ்டர்தான் அவரைக் கைவிட்டது. உச்சி வெயிலில், திறந்த வெளியிலிருந்த பம்ப் ஸ்டார்ட்டரை, உலர்ந்த மரப்பலகை மேல் நின்று சோதித்திருக்கிறார். “டெஸ்டர் எரியவில்லையே ஐயா, அதை நம்பித்தான் கைவைத்தேன்” என்றார். தூக்கி எறியப்பட்டுத் தோள்மூட்டு விலகியது. உயிர் தப்பியது நற்பேறே.

டெஸ்டர் பொய் சொல்லவில்லை. அதன் மொழி அவருக்குக் கற்பிக்கப்படவில்லை. அதனுள்ளே சிறு நியான் விளக்கும், மின்னோட்டத்தை மிகக் குறைக்கும் தடை ஒன்றும் உள. தலையை விரலால் தொடும்போது, ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைந்த மின்னோட்டம் நம் உடல் வழியே நிலத்தை அடைகிறது, விளக்கு ஒளிர்கிறது. நாம் உலர்ந்த பலகை மேல் நின்றால் அவ்வழி தடைப்படும், ஒளி மங்கும். வெயிலில் மங்கிய ஒளி கண்ணுக்குப் புலப்படாது. இதற்கு மாறான மயக்கமும் உண்டு. நியூட்ரல் கம்பி எங்கேனும் அறுந்திருந்தால், விளக்கின் ஊடாக வந்த மின்சாரத்தால் இரு கம்பிகளிலும் டெஸ்டர் எரியும். புதியவர் இரண்டையும் பேஸ் என்றே கொள்வார். ஆகவே டெஸ்டர் எரிந்தால் ‘தொடாதே’ என்று பொருள் கொள்ளலாம். எரியாவிட்டால் ‘தொடலாம்’ என்று பொருள் கொள்ளலாகாது. அதனைத் திருப்புளியாக வைத்து ஆணி முறுக்குவதும் நம்மவர் வழக்கம். உள்ளிருக்கும் தடை அதிர்ந்து பழுதாவதை அவர்கள் அறிவதில்லை.

எனவே புதிதாகத் தொழில் பழகுவோர் கைப்பணத்தில் முதற்பங்கை, கம்பியில் மின்சாரம் உண்டா இல்லையா என்று ஐயமறச் சொல்லும் கருவிக்கே ஒதுக்கவேண்டும் என்பது நம் கருத்து. இரு முனைகளையும் வைத்துச் சோதிக்கும் வோல்ட் சோதனைக் கருவியோ, நல்ல மல்டிமீட்டரோ அதற்கு ஏற்றது. மல்டிமீட்டரில் ‘கேட் 3, 600 வோல்ட்’ என்ற குறியேனும் அச்சிடப்பட்டிருத்தல் வேண்டும். வீட்டு இணைப்பு 230 வோல்ட் என்றாலும் பம்ப் ஸ்டார்ட்டரில் இரு பேஸ்களுக்கிடையே ஏறத்தாழ 400 வோல்ட் நிற்கும் என்பதை மறக்கலாகாது. விளக்கும் ஹோல்டரும் கொண்டு தாமே செய்துகொள்ளும் சோதனை விளக்கு மலிவானதே. ஆனால் 230 வோல்ட் விளக்கு ஒன்றைத் தனியே இரு பேஸ்களுக்கிடையே வைத்தால் முகத்தருகே வெடிக்கக்கூடும். எக்கருவியாயினும் முதலில் மின்சாரம் இருப்பது உறுதியான ஓரிடத்தில் வைத்துப் பார்த்து, பின் வேலை செய்யுமிடத்தில் பார்த்து, மீண்டும் முதலிடத்திலேயே பார்க்கவேண்டும். நடுவில் கருவியே பழுதாகியிருந்தால் மூன்றாம் முறையில் வெளிப்பட்டுவிடும்.

இரண்டாவதாக வாங்கவேண்டியது ஒரு சாதாரணப் பூட்டு! கேட்போர் நகைப்பர். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ஒருவர் கிணற்றடியில் இருக்க, கரண்ட் இல்லையே என்று வீட்டுப்பிள்ளை வந்து அதைப் போட்டுவிடுவது புதிதன்று. பழைய இரும்புப் பெட்டிச் சுவிட்சுகள் பலவற்றில் பூட்டு மாட்டத் துளை உண்டு. இல்லாத இடத்தில் பியூஸ் கட்டையைக் கழற்றித் தம் சட்டைப்பையிலேயே வைத்துக்கொள்ளலாம். இன்வெர்ட்டர் உள்ள வீடாயின் மெயினை அணைத்தபின்னும் சில கம்பிகளில் மின்சாரம் இருக்கும். அதையும் தனியே நிறுத்தவேண்டும்.

கட்டிங் பிளேயர் பற்றிச் சற்று விரிவாகக் கூறவேண்டும். நாள்தோறும் கையிலிருப்பது அதுவே. 8 அங்குல அளவு போதும். பிடியில் சிவப்புப் பிளாஸ்டிக் உறை இருப்பதனால் மட்டும் அது காப்புறை ஆகிவிடாது. பல பிடிகளில் அது கை வழுக்காமைக்கு இடப்பட்டதே. ஒன்றையொன்று தழுவிய இரு முக்கோணக் குறியும் 1000 வோல்ட் என்ற எழுத்தும் உள்ளதைத் தேர்தல் வேண்டும். அதுவும் தவறு நேர்ந்தால் காப்பதற்கேயன்றி, மின்சாரம் உள்ள கம்பியை வெட்டுவதற்கு அனுமதிச் சீட்டு அன்று. வாயை மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் வெட்டும் விளிம்புகளுக்கிடையே ஒளி தெரியலாகாது, மூட்டு ஆடலாகாது. நாடா வாங்கும்போது உள்ளங்கையில் உருட்டிப் பார்த்து, விரலால் தடவிப் பிசிர் உண்டா என்று ஆராய்பவர் நம் நெசவாளர். ஒற்றைப் பருத்தி இழையை விளிம்பின் அடியிலும் நடுவிலும் நுனியிலும் வைத்து வெட்டிப் பார்க்க அவருக்கு யாரும் சொல்லித்தரவேண்டியதில்லை. அந்தக் கண்ணைக் கடைவாயிலில் விட்டுவிட்டு, பளபளக்கும் பெட்டியைக் கண்டு மயங்குவதுதான் நமக்கு விளங்கவில்லை.

இழை என்றதும் மற்றொன்று நினைவுக்கு வருகிறது. வீட்டு இணைப்புக்கு உதவும் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் ஒருவகை, 0.3 மில்லிமீட்டர் பருமனுள்ள 22 இழைகளால் ஆனது. மேலுறையைப் பிளேடால் சீவும்போது நான்கைந்து இழைகள் அறுந்துவிடின், மிச்சமுள்ளவையே முழு மின்னோட்டத்தையும் சுமக்கவேண்டும், அவ்விடம் சூடேறும். பாவில் இழை அறுந்தால் துணியில் கோடு விழும், பார்ப்பவர் கண்டுவிடுவர். சுவிட்சுப் பெட்டிக்குள் அறுந்ததை எவரும் காணார். ஆதலால் அளவுக்கேற்ற பள்ளங்கள் உள்ள ஒயர் ஸ்டிரிப்பர் ஒன்றை முதல் தவணையிலேயே சேர்த்துக்கொள்க. திருப்புளி மூன்று அளவுகளில் போதும். தண்டு முழுதும் உறையிட்டு நுனி மட்டும் வெளியே தெரிவதாக இருக்கட்டும். சுத்தியல், உளி, குத்தூசி முதலியன வீட்டிலிருப்பவை கொண்டே சமாளிக்கலாம்.

குழித்தறியில் வெறுங்காலுடன் மிதியை மிதித்துப் பழகியவர்க்குச் செருப்பணிந்து வேலை செய்வது முதலில் சங்கடமாகவே இருக்கும். ஆயினும் ஈரத்தரையில் வெறுங்காலுடன் நிற்பது மின்சாரத்துக்கு வழிதிறந்து வைப்பதாகும். உலோகப் பூணற்ற ரப்பர் அடிக்காலணி கருவியோடு சேர்த்து எண்ணவேண்டியதே. அலுமினிய ஏணி எடை குறைந்தது என்று வாங்குவோர் உளர். அது மின்சாரத்தைக் கடத்தும். உலர்ந்த மூங்கில் ஏணி நன்று. மழையில் நனைந்தால் அதையும் நம்பலாகாது. நாற்பதை அடுத்தவர்கள் கருவிக் கடைக்கு முன்பாகக் கண் பரிசோதிப்பவரிடம் செல்வது நலம். மேற்படி உறுப்பினர் மீட்டரின் சிறு எழுத்துகளைக் கையை நீட்டித் தள்ளிவைத்தே படித்ததை நாம் கவனித்தோம். வெள்ளெழுத்துக் கண்ணாடி அவருக்குப் பிளேயரினும் அவசரம்.

இனி, விலைமிக்க கருவிகள். நீர்மூழ்கி மோட்டாரின் சுருளில் மின்கசிவு உண்டா என்றறிய 500 வோல்ட் மெக்கர் தேவை. மின்தடை 1 மெகாஓமுக்குக் கீழே காட்டினால் மோட்டாரை ஓட்டாமல் மேலே எடுப்பதே பொது வழக்கம். தடித்த கம்பிகளுக்கு லக் பொருத்தும் கிரிம்பிங் கருவியும், எர்த் தடையை அளக்கும் கருவியும் அத்தகையனவே. இவை மாதத்தில் சிலநாள்களே வேண்டப்படுபவை. ஒவ்வொருவரும் கடன்பட்டு வாங்கி மூலையில் வைப்பதில் பொருளில்லை. பாவு தோய்ப்பதற்குத் தெருவில் நாலைந்து குடும்பங்கள் ஒன்றுகூடுவது போல, ஊரிலுள்ள ஒயர்மேன்கள் ஏழெட்டுப் பேர் பங்கிட்டு வாங்கலாம். அன்றிச் சங்கமே வாங்கி வாடகைக்குத் தரலாம். கிணறு வைத்திருக்கும் விவசாய உறுப்பினர்களுக்கும் இதில் நலன் உண்டு. மெக்கர் வைத்துப் பாராமல் பழைய மோட்டாரை இறக்குபவர்க்கு, மறுபடி மேலே எடுக்கும் கூலி அவர்கள் கையிலிருந்தே போகிறது.

தொழில் பழகும் காலத்தில் சொந்தப் பொறுப்பில் இணைப்பு வேலை ஏற்பது முறையன்று என்பதையும் கூறிவிடுகிறோம். தொழிற்பயிற்சி நிலையங்களில் ஒயர்மேன் பிரிவு இரண்டாண்டுப் படிப்பாக நடைபெறுகிறது. தமிழ்நாட்டில் மின் உரிமம் வழங்கும் வாரியம் ஒயர்மேனுக்கும் உதவியாளருக்கும் தகுதிச் சான்று அளிக்கிறது. அச்சான்று கைக்கு வரும்வரை, மேற்கூறிய சில கருவிகளுக்கு மேல் தேவைப்படாது.

அச்சங்கத்தின் நிர்வாகக் குழுவுடன் அன்று மாலையே கலந்து பேசினோம். உறுப்பினரின் தவணையை ஆறு மாதம் ஒத்திவைக்க இசைந்தனர். கடைக்காரர் பெட்டியைத் திரும்ப ஏற்க மறுத்துவிட்டார். இனிக் கருவிக்கடன் கேட்போர்க்குத் தொகையை ஒருசேரக் கொடாமல், சோதனைக் கருவியும் பிளேயரும் காலணியும் வாங்க முதற்பகுதியும், ஒப்பந்தக்காரரிடம் மூன்று மாதம் வேலை செய்தபின் எஞ்சியதும் தருவதென்று முடிவாயிற்று. மெக்கர் ஒன்று சங்கப் பணத்தில் வாங்கப்பட்டு, வாங்குவோர் கையொப்பமிடும் பதிவேட்டுடன் இருப்பறையில் வைக்கப்பட்டுள்ளது. அதன் பேட்டரிச் செலவை யார் ஏற்பது என்பதில் மட்டும் குழுவில் இன்னும் கருத்து ஒன்றுபடவில்லை.