இட்லி தெரிந்தவருக்கு கேக்கும் தெரியும்



இந்த மாதப் பாடம் கேக் பற்றியது. "கேக்கா? அதுக்கு ஓவன் வேணும், மிஷின் வேணும், நமக்கு எதுக்குக்கா?" என்று சிலர் கேட்பீர்கள். பிள்ளைகளுக்குப் பிறந்தநாள் என்றால் இப்போது கேக் இல்லாமல் முடிவதில்லை. கொடைரோட்டில் கிடைக்காவிட்டால் நிலக்கோட்டைக்கோ வத்தலக்குண்டுக்கோ ஆள் அனுப்பி வாங்குகிறோம். அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், "கேக் தொழில் செய்யப் போறேன், ஓவன் வாங்கக் கடன் வேணும்" என்ற கோரிக்கையும் குழுக்களில் எழுகிறது. அந்தக் கடனுக்குத் தீர்மானம் போடும் முன்னால், கேக் எப்படி வேகுது, எங்கே கெடுது, ஒண்ணுக்கு எவ்வளவு அடக்கம் ஆகுது என்று குழுவில் எல்லோருக்கும் தெரிந்திருக்கணும். தீர்மானத்தில் கையெழுத்துப் போடுவது எல்லோரும்தானே.

மூன்று கேள்வி

இட்லியிலிருந்தே ஆரம்பிப்போம். ராத்திரி ஆட்டி வைத்த மாவு காலையில் பாத்திரம் வழியப் பொங்கி நிற்கிறது. உள்ளே என்ன நடந்தது? அரிசியிலும் உளுந்திலும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் இருக்கின்றன. அவை மாவைத் தின்று புளிப்பையும் கரியமில வாயுவையும் விடுகின்றன. உளுந்தின் கொழகொழப்பு அந்த வாயுவை வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது. இட்லிச் சட்டியில் ஆவி ஏறியதும் மாவு அப்படியே இறுகி, வாயு இருந்த இடமெல்லாம் சின்னச் சின்ன ஓட்டையாக நிற்கிறது. இட்லி பஞ்சு மாதிரி இருப்பதற்கு இதுதான் காரணம்.

ஆக மூன்று கேள்வி. வாயு எங்கிருந்து வருது? அதை யார் பிடிச்சு வைக்கிறா? எந்தச் சூட்டில் அது இறுகுது? கேக், பன், ரொட்டி எதுவானாலும் இந்த மூணுக்கும் பதில் தெரிந்தால் போதும். சமையல் குறிப்பில் எழுதாததையும் நாமே கண்டுபிடித்துவிடலாம்.

வாயு

இட்லிக்கு ஒரு ராத்திரி ஆகிறது. கேக்குக்கு அவ்வளவு நேரம் இல்லை, அதனால் ஆப்ப சோடா. ஒரு கிண்ணத்தில் கால் டீஸ்பூன் சோடா போட்டு எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து பாருங்க, நுரைத்துப் பொங்கும். அதுவும் கரியமில வாயுதான். புளிப்பு சேர்ந்தால்தான் சோடா ஒழுங்காக வேலை செய்யும். புளிப்பே இல்லாமல் சோடாவை மட்டும் போட்டால் சூட்டில் கொஞ்சம் வாயு வரும், ஆனால் மிச்சம் நிற்பது சலவைச் சோடா. சில கேக்கில் சோப்பு வாடையும் கசப்பும் அடிப்பது அதனால்தான். "நல்லா உப்பட்டும்" என்று ஒரு சிட்டிகை கூடப் போடுகிற கை நமக்கு உண்டு. கேக் விஷயத்தில் அந்தக் கையைக் கட்டிப் போடணும்.

பேக்கிங் பவுடர் என்பது வேறு ஏதோ மருந்து இல்லை. சோடாவோடு உலர்ந்த புளிப்பு உப்பையும் கொஞ்சம் மாவையும் கலந்து டப்பாவில் அடைத்தது. அதனால் தயிர், மோர், வெல்லம், வாழைப்பழம் சேர்க்கிற கேக்குக்குச் சோடா போதும். பாலும் சர்க்கரையும் மட்டும் சேர்த்தால் பேக்கிங் பவுடர் வேண்டும். டப்பா பழசாகி நமத்துப் போயிருந்தால் வேலை செய்யாது. வெந்நீரில் அரை ஸ்பூன் போட்டுப் பாருங்க. நுரைக்கலைன்னா தூக்கிப் போட்டிடுங்க, மூன்று முட்டையைக் காப்பாற்றினதாக ஆகும்.

சோடாவும் வேண்டாம், காற்றே போதும் என்று செய்கிற பலகாரமும் நம் தமிழ்நாட்டில் இருக்கிறது. தூத்துக்குடி மக்ரூன். முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரிப்பருப்பு, அவ்வளவுதான். மாவே கிடையாது. வெள்ளைக்கருவை நுரை கட்டி நிற்கும்வரை அடித்து, அந்தக் காற்றை வைத்தே எழுப்பி, மெதுவான சூட்டில் காய வைப்பது போலச் சுடுகிறார்கள். முட்டை கேக் செய்யும்போது நன்றாக அடிக்கச் சொல்வதும் இதற்காகத்தான்.

பிடித்து வைப்பது

மைதாவிலும் கோதுமையிலும் ஒரு புரதம் இருக்கிறது. தண்ணீர் பட்டுப் பிசையப் பிசைய அது ரப்பர் போல இழுபடும். பரோட்டா மாஸ்டர் மாவை அடித்து அடித்து வீசுகிறாரே, அந்த இழுவை வரத்தான். பரோட்டாவுக்கும் பன்னுக்கும் அது வேணும். கேக்குக்கு வேண்டாம். மாவு போட்ட பிறகு கேக் கலவையைப் போட்டுக் கலக்கினால் கேக் கடிக்க முடியாமல் வரும். மாவு மறையும் அளவுக்குக் கிளறி நிறுத்திக்கணும்.

கேழ்வரகிலும் கம்பிலும் இந்த இழுவை கிடையாது. கேழ்வரகு ரொட்டி தட்டும்போது விரிசல் விடுகிறதில்லையா? அதே குணம்தான் கேக்கிலும் வரும், உதிர்ந்து போகும். பாதிக்குப் பாதி கோதுமை சேருங்க, இல்லை முட்டையாவது வாழைப்பழமாவது சேருங்க. இன்னொன்று: "கேழ்வரகு கேக், சர்க்கரை நோயாளியும் சாப்பிடலாம்" என்று சொல்லி யாரும் விற்காதீங்க. சர்க்கரையோ வெல்லமோ போட்ட பிறகு அது இனிப்புத்தான்.

சூடு

இட்லி வெள்ளையாக இருக்கிறது, கேக் மட்டும் ஏன் செவக்குது? ஆவியின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. மாவு சிவந்து அந்த மணம் வருவதற்கு 140 டிகிரிக்கு மேல் வேண்டும். அதற்குத் தண்ணீர் இல்லாத காய்ந்த சூடு வேணும். தெருவையே கூப்பிடுகிற அந்த வாசனை, கேக்கின் மேல்தோல் சிவக்கும்போது வருவது.

காய்ந்த சூட்டுக்கு ஓவன்தான் வழி என்று இல்லை. கோவாவில் பெபிங்கா என்ற அடுக்குப் பலகாரத்தை மேலே தணல், கீழே தணல் வைத்துத்தான் சுட்டார்கள். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய ஊட்டி வர்க்கி விறகு அடுப்பில் வேகிறது. நம் வீட்டுக்கு ஒரு பழைய குக்கரோ அடி கனமான குண்டானோ போதும்.

மலைமேல் இருக்கும் சொந்தக்காரரிடம் கேட்டுச் செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அழுத்தம் குறைவு, தண்ணீர் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும், கேக்குக்குள் வாயுவும் கூடுதலாக விரியும். அதனால் அங்கே பேக்கிங் பவுடரைக் குறைத்துப் போடுவார்கள். அந்த அளவை அப்படியே கொடைரோட்டில் போட்டால் கேக் கொஞ்சம் அழுத்தமாக வரலாம். மதினி மேல குத்தம் சொல்லாதீங்க.

வாழைப்பழ கேக் செய்முறை

கோதுமை மாவு 200 கிராம், பொடித்த வெல்லம் 150 கிராம், நன்றாகக் கனிந்த சின்ன வாழைப்பழம் மூன்று, புளித்த தயிர் அரை டம்ளர், வாடையில்லாத எண்ணெய் 80 மில்லி, ஆப்ப சோடா தலை தட்டி அரை டீஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு, இரண்டு ஏலக்காய். சிறுமலைப் பழம் கிடைத்தால் விடாதீங்க, மணமே வேறு. தோல் கறுத்து விற்க முடியாமல் கிடக்கிற பழம்தான் இதற்கு நல்லது. நம்ம ஊர்ப் பன்னீர் திராட்சையை மட்டும் அப்படியே போட்டுவிடாதீங்க. தண்ணீர் விட்டு நசநசவென்று ஆகிவிடும், விதையும் கடிபடும்.

பழைய குக்கரில் கழுவிக் காயவைத்த மணலை ஒரு விரல் கனத்துக்குப் பரப்பி, மேலே ஒரு ஸ்டாண்ட் வையுங்க. கேஸ்கெட்டையும் வெயிட்டையும் கழற்றிவிடணும், தண்ணீர் ஊற்றக் கூடாது. இதில் தப்பு நடக்கவே கூடாது. கேஸ்கெட் உள்ளே கிடந்தால் கருகிவிடும், வெயிட் போட்டால் ஆபத்து. இப்படிக் காய்ந்து சூடாகிற குக்கரைத் திரும்பப் பருப்பு வேகவைக்க எடுக்காதீங்க. இதற்கென்று ஒதுக்கிவிடுங்க. மூடி, சின்னத் தீயில் பத்து நிமிடம் சூடாகட்டும்.

அந்த நேரத்தில் பழத்தை மசித்து, வெல்லம், தயிர், எண்ணெய் சேர்த்துக் கலக்குங்க. மாவையும் சோடாவையும் உப்பையும் ஒன்றாகச் சலித்துக் கடைசியில் சேருங்க. ரொம்பக் கெட்டியாக இருந்தால் கொஞ்சம் பால். தோசை மாவைவிடக் கெட்டியாக, கரண்டியிலிருந்து மெதுவாக விழணும். எண்ணெய் தடவி மாவு தூவிய பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்றாதீங்க. கலந்ததும் உடனே குக்கருக்குள் வைத்துவிடணும். சோடா யாருக்காகவும் காத்திருக்காது, கரண்டி போட்ட நிமிடமே வாயு கிளம்பிவிடும்.

சின்னத் தீயில் 45 முதல் 50 நிமிடம். முதல் அரை மணி நேரம் மூடியைத் திறக்கவே கூடாது. வாயு எழும்பியிருக்கும், சுவர் இன்னும் இறுகியிருக்காது. அப்போது குளிர்ந்த காற்று பட்டால் நடுவில் குழி விழும். ஈர்க்குச்சியைக் கழுவி நடுவில் குத்திப் பாருங்க, மாவு ஒட்டாமல் வந்தால் வெந்துவிட்டது. ஆறின பிறகு கவிழ்க்கணும். சூட்டோடு கவிழ்த்தால் பிய்ந்துவிடும்.

விற்பதற்கு முன்னால் ஒரு கணக்கு

உதாரணத்துக்கு ஒரு விலை போட்டுப் பார்ப்போம். உங்க கடை விலையை நீங்க போட்டுக்குங்க. மாவு 11 ரூபாய், வெல்லம் 10, பழம் 18, தயிர் 6, எண்ணெய் 12, ஏலக்காய் சோடா 2, கேஸ் 6, அட்டைப்பெட்டி 5. மொத்தம் 70 ரூபாய், கேக் சுமார் 650 கிராம். "ஆத்தி, எம்புட்டு லாபம்! 120-க்குக் குடுக்கலாம்" என்று தோன்றும். கலக்கி, வேகவைத்து, பாத்திரம் கழுவ ஒன்றரை மணி நேரம் ஆகிறது. மணிக்கு 50 ரூபாய் கூலி என்றால் அது 75. அடக்கம் 145 ஆகிவிட்டது. 120-க்கு விற்றால் நம் உழைப்பில் 25 ரூபாயைக் கைவிட்டுத்தான் விற்கிறோம். ஓவனில் ஒரே நேரத்தில் நாலு கேக் வைக்கலாம், நேரம் மிச்சம் என்பது உண்மை. ஆனால் அந்த நாலும் அன்றைக்கே விற்கணும். கரண்ட் செலவையும் கடன் தவணையையும் சேர்க்கணும்.

அதனால் ஒரு கருத்துச் சொல்கிறோம், குழுவில் பேசிப் பாருங்க. ஓவன் கடன் கேட்கிறவர் முதலில் குக்கரிலேயே பத்து கேக் செய்து, பணம் வாங்கி விற்று, கணக்கு எழுதிக் காட்டட்டும். சொந்தக்காரருக்குச் சும்மா கொடுத்தது அந்தப் பத்தில் சேராது. மாவட்டம்தோறும் உள்ள ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களில் பயிற்சி இலவசம். பேக்கரிப் பயிற்சி எப்போது என்று கேளுங்க.

விற்பது என்று முடிவானால், எவ்வளவு சிறிய அளவானாலும் 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு செய்யணும். வனஸ்பதி மலிவு என்று அதில் இறங்காதீங்க. இதயத்துக்குக் கெடுதலான மாறுபட்ட கொழுப்பு எண்ணெய், கொழுப்புகளில் 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2022 ஜனவரி முதல் விதி இருக்கிறது. விலைச்சீட்டு இல்லாமல் உதிரியாக விற்கிற கொழுப்பை வாங்காமல் இருப்பது நல்லது.

"பாக்கெட் மாவு, எசன்ஸ் எல்லாம் இல்லாம நல்லா வருமா?" என்று கேட்கிறவர்களுக்கு ஒரு பழைய சங்கதி. 1883-ல் கேரளத்துத் தலச்சேரியில் மாம்பள்ளி பாப்பு என்ற பேக்கரிக்காரரிடம் ஒரு வெள்ளைக்காரத் தோட்ட முதலாளி இங்கிலாந்துக் கேக்கைக் கொடுத்து, இதே மாதிரி செய் என்றாராம். சொல்லப்பட்ட சீமைச் சாராயத்துக்குப் பதில் உள்ளூரில் முந்திரிப் பழமும் வாழைப்பழமும் போட்டு வடித்ததைச் சேர்த்துச் செய்தார், முதலாளிக்கு ரொம்பப் பிடித்துப்போனது என்று சொல்வார்கள். அந்தக் குடும்பத்தின் பேக்கரிகள் கேரளத்தில் இன்றும் நடக்கின்றன.

செய்து பார்த்தவர்கள் அடுத்த குழுக் கூட்டத்துக்கு ஒரு துண்டும், செலவு எழுதிய தாளும் கொண்டு வாங்க. குழி விழுந்த கேக்கானாலும் கொண்டு வாங்க. எத்தனை நிமிடத்தில் மூடியைத் திறந்தீங்க, சோடா எவ்வளவு போட்டீங்க என்று பக்கத்தில் எழுதியிருந்தால் எல்லோருமாகப் பார்த்துச் சொல்லிவிடலாம்.