புத்தகத்துக்கும் சட்டை உண்டு

எங்கள் கற்றல் மையத்துக்கு ஓர் அம்மா வருகிறார். ஐம்பது வயதுக்கு மேல் எழுத்துக் கற்றவர். தாம் முதலில் படித்த பாடப் புத்தகத்தை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார். அதன் அட்டை கிழிந்துவிட்டது.

"தம்பி, இதுக்கு டேப் ஒட்டிக் குடுப்பா" என்றார்.

"டேப் வேண்டாம் அம்மா. சட்டை போடுவோம்" என்றேன்.

"புத்தகத்துக்கு ஏதுப்பா சட்டை?" என்று சிரித்தார்.

அப்போது நான் சொன்ன கதையை நீங்களும் படியுங்கள்.

சட்டைப்பைப் புத்தகம்

இங்கிலாந்தில் 1935ஆம் ஆண்டு ஆலன் லேன் என்பவர் பெங்குவின் புத்தகங்களை வெளியிட்டார். அவை சிறிய புத்தகங்கள். சட்டைப் பையில் வைக்கலாம். விலை ஆறு பென்ஸ். பத்து சிகரெட் உள்ள பெட்டியின் விலைதான். சாதாரண மக்களும் வாங்கிப் படித்தார்கள்.

நம் நாட்டில் 1958ஆம் ஆண்டு டெல்லியில் ஹிந்த் பாக்கெட் புக்ஸ் தொடங்கியது. இந்திப் புத்தகங்களை ஒரு ரூபாய்க்கு விற்றது.

தொடக்க காலப் பெங்குவின் புத்தகங்களின் அட்டைக்கு மேல் ஒரு தாள் உறை இருந்தது. அதுதான் மேலுறை. அதுவே புத்தகத்தின் சட்டை. தூசியும் அழுக்கும் அட்டையில் படாமல் அது காத்தது. ஆனால் அதைப் பலர் பெரிதாக நினைக்கவில்லை. கிழிந்ததும் எறிந்துவிட்டார்கள்.

இன்று அந்தப் பழைய புத்தகங்களைத் தேடிச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். 1974ஆம் ஆண்டு அவர்களுக்கென்று இங்கிலாந்தில் ஒரு சங்கமே தொடங்கியது. மேலுறையோடு கிடைக்கும் பழைய புத்தகத்துக்கு மதிப்பு மிக அதிகம். வேண்டாம் என்று எறிந்த தாளுக்குத்தான் இன்று விலை!

தாள் ஏன் கெடுகிறது?

மலிவான தாளை மரக்கூழில் செய்கிறார்கள். பழைய தாளில் அமிலம் இருக்கும். நாளாக ஆக அது பழுப்பாகும். மடித்தால் ஒடியும். வெயில் பட்டால் நிறம் வெளுக்கும். ஈரம் பட்டால் பூஞ்சணம் பிடிக்கும்.

டேப்பின் பசை தாளில் ஊறிக் கறையாகும். உரித்தால் தாளும் சேர்ந்து வரும். பள்ளியில் எனக்கு ஒரு புத்தகம் பரிசாகக் கிடைத்தது. என் பெயர் எழுதிய இடம் கிழிந்ததால் டேப் ஒட்டினேன். இன்று அந்தப் பெயரைப் படிக்க முடியவில்லை.

எப்படிக் காப்பது?

1. கையைக் கழுவித் துடைத்த பிறகு புத்தகத்தை எடுங்கள்.

2. டேப், பசை, குண்டூசி, ரப்பர் பேண்டு வேண்டாம்.

3. கிழிந்த துண்டை எறியாதீர்கள். வெள்ளைத் தாளில் மடித்துப் புத்தகத்தோடு வையுங்கள்.

4. புத்தகம் சேர்ப்பவர்கள் மேலுறைக்கு மேல் கண்ணாடி போன்ற பாலியெஸ்டர் தாளைச் சுற்றி மடிக்கிறார்கள். ஒட்டுவதில்லை. நமக்கு வெள்ளைத் தாளே போதும். செய்தித்தாள் வேண்டாம். அதன் மை அட்டையில் ஒட்டும்.

5. ஈரச் சுவர், அடுப்பு, வெயில் விழும் சன்னல் ஆகியவற்றின் பக்கத்தில் வைக்காதீர்கள்.

6. மாதம் ஒருமுறை எடுத்துத் தூசி தட்டுங்கள். கரையானும் ராமபாணப் பூச்சியும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

கதை முடிந்ததும் ஒரு வெள்ளைத் தாள் எடுத்தோம். அளவு பார்த்து வெட்டினோம். ஓரங்களை உள்ளே மடித்தோம். பாடப் புத்தகத்துக்குச் சட்டை தயார். அம்மா பென்சிலை வாங்கினார். சட்டையின் மேல் தம் பெயரைத் தாமே எழுதினார். மெதுவாக, எழுத்து எழுத்தாக எழுதினார்.

பேசுங்கள், எழுதுங்கள்

1. மேலுறை எதற்குப் பயன்படுகிறது?

2. டேப் ஒட்டினால் தாளுக்கு என்ன ஆகும்?

3. நீங்கள் முதலில் படித்த புத்தகம் எங்கே இருக்கிறது? அதைத் தேடி எடுங்கள். அதற்கு ஒரு சட்டை போடுங்கள். அதன் மேல் உங்கள் பெயரை எழுதுங்கள்.