அளவு சுருங்கும், துணி சுருங்காது

பொம்மைக்கு பாலே நடன உடை தைக்க உட்காருகிற எல்லோரும் முதலில் ஒரே கணக்கைத்தான் போடுகிறார்கள். பார்பி பொம்மையின் உயரம் ஏறத்தாழ 29 சென்டிமீட்டர், அதாவது ஆளில் ஆறில் ஒரு பங்கு. ஆகவே ஆளுக்குத் தைக்கும் உடையின் ஒவ்வொரு அளவையும் ஆறால் வகுத்தால் போதும் என்று நினைக்கிறார்கள். நீளமும் அகலமும் அப்படி வகுபடும். துணியின் கனமும் விறைப்பும் வகுபடாது. கடையில் கிழித்துத் தருகிற நெட் ஆளுக்கும் அதேதான், பொம்மைக்கும் அதேதான். பல வருடங்களாகப் பொம்மைகளுக்குத் தைத்ததில் நான் கற்றுக்கொண்டதெல்லாம் இந்த ஒன்றிலிருந்து கிளைத்ததுதான்.

பாலே பாவாடையை டூட்டூ என்பார்கள். அதில் இரண்டு பெரிய வகை உண்டு. 1832-இல் பாரிஸ் ஆப்பெராவில் 'லா சில்ஃபீட்' அரங்கேறியபோது மரீ தாலியோனி கெண்டைக்கால் வரை இறங்கும் மணி வடிவ வெள்ளைப் பாவாடையில் ஆடினார். அந்த நீளப் பாவாடைக்கு ரொமான்டிக் டூட்டூ என்று பெயர். கால் வேலை நுட்பமாக ஆக ஆக, அது பார்வையாளர் கண்ணில் பட வேண்டும் என்பதற்காகப் பாவாடை ஏறிக்கொண்டே போனது. இன்று 'ஸ்வான் லேக்' மேடையில் நாம் பார்ப்பது இரண்டாவது வகை, இடுப்பைச் சுற்றித் தட்டுப்போல் விரிந்து நிற்கும் குட்டைப் பாவாடை.

ஆளுக்குத் தைப்பவரிடம் கேட்டால் அந்தத் தட்டுப் பாவாடைதான் கடினம் என்பார். இடுப்பிலிருந்து 35, 40 சென்டிமீட்டர் நெட் தொங்காமல் நீட்டி நிற்க வேண்டுமே! அதற்காகத்தான் விறைப்பான நெட்டில் பத்து, பன்னிரண்டு அடுக்கு வைக்கிறார்கள். நடுவே ஓர் அடுக்கில் மெல்லிய வளையம் செருகுவதும் உண்டு. பொம்மையில் கதை தலைகீழ். அங்கே பாவாடையின் அகலம் 6 சென்டிமீட்டர்தான். அவ்வளவு சிறிய துண்டைத் தொங்கவைக்க நெட்டின் சொந்த எடை போதாது. மென்மையான நெட்கூடத் தானாக விறைத்து நிற்கும். ஆகவே பொம்மைக்குத் தட்டுப் பாவாடை எளிது, கெண்டைக்கால் வரை தழைய வேண்டிய ரொமான்டிக் பாவாடைதான் பாடாய்ப்படுத்தும். புதிதாகத் தொடங்குபவர்கள் நீளப் பாவாடை சுலபமாக இருக்கும் என்று அதிலேயே இறங்கிவிடுகிறார்கள். அது குடைபோல் விரிந்து நிற்பதைப் பார்த்து மனம் விட்டுப்போகிறது. அவர்களுடைய கைவேலையில் குறை ஒன்றும் இல்லை, தொடங்கிய இடம்தான் சரியில்லை.

முதலில் துணி. சென்னையில் சௌகார்பேட்டைப் பக்கம் போனால் நெட்டில் பல தரம் கிடைக்கும். பாவாடைக்கும் லெஹங்காவுக்கும் உள்ளே கொடுக்கிற கேன்கேன் பக்கமே போகாதீர்கள். பொம்மை இடுப்பில் அது முள்வேலிதான். சாஃப்ட் நெட் கேளுங்கள். கடையிலேயே ஒரு முனையைப் பிடித்து ஒரு சாண் தொங்கவிட்டுப் பாருங்கள். வளையாமல் நீட்டிக்கொண்டிருந்தால் வேண்டாம். கண்ணி எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்லது. பெரிய கண்ணியுள்ள நெட் பொம்மை மேல் கொசுவலையாகத்தான் தெரியும்.

ஏறத்தாழ 9 சென்டிமீட்டர் இடுப்புச் சுற்றளவுள்ள பொம்மைக்கு ஓர் அடுக்குக்கு 45 முதல் 50 சென்டிமீட்டர் நீளப் பட்டை போதும். ஐந்து அடுக்கு நிறைவாக இருக்கும், ஆறுக்கு மேல் போனால் இடுப்பு பருத்துவிடும். மேல் அடுக்கு 6 சென்டிமீட்டர் என்றால் கீழே வரவர ஒவ்வொன்றும் ஒரு சென்டிமீட்டர் குறையட்டும். நெட்டில் இழை பிரியாது என்பதால் ஓரம் மடித்து அடிக்கவே கூடாது. மடிப்பின் கனம் சேர்ந்தாலே அதன் இலேசு போய்விடும்.

நெட்டை மெஷினில் சுருக்குவது பொறுமையைச் சோதிக்கும் வேலை. பல்லில் சிக்கிக் கீழே இழுத்துக்கொண்டு போய்விடும். அடியில் பட்டர் பேப்பர் ஒரு பட்டை வைத்துச் சேர்த்தே தையுங்கள், பிறகு பேப்பரைக் கிழித்து எடுத்துவிடலாம். ஊசி 9 அல்லது 11 நம்பர் இருக்கட்டும். ஜாக்கெட்டுக்குப் போடுகிற 14, 16 எல்லாம் கண்ணியைக் கிழித்துவிடும். சுருக்குத் தையல் நூல் பாதியில் அறுந்தால் எல்லாவற்றையும் பிரிக்க வேண்டிவரும். அதனால் நான் ஒரு கெட்டி நூலைப் பட்டை மேல் நீளமாக வைத்து, அது ஊசியில் படாதபடி ஜிக்ஜாக் அடித்து, பிறகு அந்த நூலைப் பிடித்து இழுப்பேன். ஜிக்ஜாக் இல்லாத கறுப்பு மெஷின் வைத்திருப்பவர்கள் கையால் இரண்டு வரி ஓட்டுத் தையல் போடுவது மேல். இவ்வளவு சின்ன வேலையில் கைத்தையல் மெஷினுக்குக் கொஞ்சமும் தாழ்ந்ததில்லை.

அடுக்குகளை இடுப்புப்பட்டியில் ஒன்றாகக் குவித்துத் தைப்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை. மேடை உடையில் இருப்பதுபோல் உள்ளே ஒரு சின்ன ஜட்டி வெட்டி, அதன் மேல் ஒன்றுக்குமேல் ஒன்றாக 3 மில்லிமீட்டர் இடைவெளியில் அடுக்குகளைப் பதிக்க வேண்டும். ஜட்டியைக் கால்பக்கம் மூட்டுவதற்கு முன்பே, துணி தட்டையாக இருக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள். எல்லாவற்றிலும் குட்டையான அடுக்கை அடியில் முதலில் பதித்து மேலே ஏறி வந்தால், தைத்து முடித்தது வழிவிட்டுக் கீழே கிடக்கும். அடுக்குகளுக்கு நடுவே அங்கங்கே நூலால் தளர்ந்த முடிச்சுகள் போட்டால் அவை தனித்தனியே பிரிந்து பறக்காமல் ஒரே மேகமாக நிற்கும். முடிச்சை இறுக்கினால் ஒட்டிப்போய் அப்பளமாகிவிடும்.

இதைச் சொல்லும்போது பார்பரா கரின்ஸ்காவைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1886-இல் கார்கிவ் நகரில் பிறந்து, பாரிஸ், லண்டன் வழியாக நியூயார்க் சேர்ந்த தையல் மேதை அவர். 'ஜோன் ஆஃப் ஆர்க்' படத்துக்காக ஆஸ்கர் விருதைப் பகிர்ந்துகொண்டவர். நடன அமைப்பாளர் ஜார்ஜ் பாலன்ஷைனின் 'சிம்பனி இன் சி' நடனத்துக்காக 1950 வாக்கில் அவர் வளையத்தை அடியோடு எடுத்துவிட்டார். குட்டையான, மெல்லிய அடுக்குகளைத் தளர்வாக முடிந்து, பவுடர் பஃப் என்று பேர் வாங்கிய பாவாடையைச் செய்தார். மேடை நிறைய நடனக்காரிகள் நெருங்கி நிற்கும்போது வளையம் வைத்த பாவாடைகள் ஒன்றையொன்று இடித்துத் தூக்கிக்கொள்ளும். இது இடிக்காது. பொம்மைக்குத் தைக்கிறவர்கள் பின்பற்ற இதைவிட நல்ல முன்மாதிரி எனக்குத் தெரிந்து இல்லை. கம்பி வைத்தால் குழந்தை கையைக் குத்தும், அலமாரியில் வளைந்துபோகும். பொம்மையின் பாவாடைக்குக் கம்பி தேவையே இல்லை.

ஆனால் கரின்ஸ்காவின் இன்னொரு புகழ்பெற்ற உத்தியை நான் எடுத்துக்கொள்வதில்லை. மேலுடையில் சில துண்டுகளை நேராகவும் சிலவற்றைக் கிராஸாகவும் வெட்டி, நடனக்காரி மூச்சு வாங்கும்போது உடை கூடவே விரியும்படி செய்தார். பொம்மை மூச்சு விடாது, வியர்க்காது, குதிக்காது. அதன் உடைக்கு வேறொரு சோதனை இருக்கிறது. ஏழு வயதுக் குழந்தையின் விரல்கள் அதைப் போட்டுக் கழற்ற முடிய வேண்டும். எதிர்வீட்டுச் சிறுமிக்கு ஒன்று தைத்துக் கொடுத்தபோது அவள் முதலில் கேட்டதே, "அத்தை, இதை நானே கழட்டிடலாமா?" என்பதுதான். எவ்வளவு சரியான கேள்வி! விளையாடுகிறவளுக்கு அழகு இரண்டாவதுதான்.

ஆகவே மேலுடையின் முதுகு முழுதும் திறக்க வேண்டும். ஆள் உடையில் பல துண்டுகள் சேர்த்து வடிவம் கொண்டுவருவார்கள். பொம்மைக்கு முன்பக்கம் ஒரே துண்டில் இரண்டு டார்ட் பிடித்தால் போதும். ஒவ்வொரு மூட்டும் உள்ளே இரண்டு மடிப்புத் துணியைச் சேர்க்கிறது, ஆறால் பெருக்கிப் பார்த்தால் அது எவ்வளவு தடிமன் என்று விளங்கும். தையலுக்கு 5 மில்லிமீட்டர் விட்டு, தைத்தபின் பாதியாக நறுக்கிவிடுவேன். கழுத்தையும் கைக்குழியையும் மடித்து அடிப்பதைவிட, மல் துணியில் அதே வடிவில் லைனிங் வெட்டிச் சேர்த்துத் தைத்துப் புரட்டுவது சுத்தம். கனமான சாட்டின் வேண்டாம், மெல்லிய பட்டுத் துண்டு கிடைத்தால் அதுவே அருமை. முதுகுக்குச் சிறிய டிச் பட்டன் இரண்டு போதும். வெல்க்ரோவை நான் திட்டவட்டமாக ஒதுக்குகிறேன். அதன் முள் நெட்டைப் பிடித்து ஒரே வாரத்தில் கந்தலாக்கும்.

லைனிங் வெள்ளையாக இருக்க வேண்டும், அதற்கு ஒரு காரணம் உண்டு. கறுப்பு, சிவப்பு, கருநீலத் துணிகளின் சாயம் வினைலில் ஊறிவிடும். 'ஸ்வான் லேக்'கின் கறுப்பு அன்னமான ஓடிலுக்குக் கறுப்பு உடை தைக்கிறவர்கள் நினைவில் வைக்க வேண்டியது இது. ஊறிய கறையைச் சோப்பால் எடுக்க முடியாது. நம் ஊர் வெயிலில் சீக்கிரமே ஊறும். அடர் நிற உடையைப் போட்டபடியே பொம்மையை மாதக்கணக்கில் வைக்காதீர்கள்.

அலங்காரத்தில்தான் பெரும்பாலான உடைகள் கெடுகின்றன. இங்கே ஆறால் பெருக்கும் பழக்கம் கைகொடுக்கும். பொம்மை மார்பில் 5 மில்லிமீட்டர் முத்து வைத்தால், ஆளுக்கு அது 3 சென்டிமீட்டர் கோலிக்குண்டு. ஒன்றரை மில்லிமீட்டர் பாசிமணிதான் சரியான அளவு. லேஸை அப்படியே வைக்காமல், அதில் உள்ள ஒரு பூவை மட்டும் நறுக்கி எடுத்துப் பதியுங்கள். அன்னத்துக்கு நிஜ இறகு எவ்வளவு சிறியதானாலும் பெரிதுதான். ஆர்கன்ஸாவை இதழ் இதழாக நறுக்கி அடுக்கினால் மெல்லிய இறகாகவே தோன்றும். காலணி நாடா மட்டும் கணக்குக்கு ஏறத்தாழ ஒத்துவரும். மேடைக் காலணியின் நாடா இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம், கடையில் கிடைக்கும் 3 மில்லிமீட்டர் சாட்டின் ரிப்பன் அதற்குப் பொருத்தம். கணுக்காலில் குறுக்காகச் சுற்றி உள்பக்கம் முடிந்து, முனையைச் செருகி மறைக்க வேண்டும். நிஜ நடனக்காரி முன்னால் பூமுடிச்சுப் போட மாட்டாள். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை இருக்கும் வீட்டுக்கு மணியும் முத்தும் கூடவே கூடாது, வாயில் போட்டுக்கொள்ளும்.

இனி அந்தக் கடினமான நீளப் பாவாடை. அடுக்கைக் குறைப்பதுதான் முதல் வழி: இரண்டு, மிஞ்சினால் மூன்று. இடுப்பிலேயே சுருக்கைத் தொடங்காமல், இடுப்புக்கு ஒட்டினாற்போல ஒரு யோக் வைத்து அதன் கீழிருந்து சுருக்குங்கள். சுருக்கும் குறைவாக இருக்கட்டும். உள்ளே ஒரு மல் துணிப் பாவாடை கொடுத்தால் அதன் எடை நெட்டைக் கீழே இழுக்கும். தைத்து முடித்ததும் மடிப்புகளை விரலால் ஒழுங்குபடுத்தி, துணிப்பட்டையால் தளர்வாகச் சுற்றி, தள்ளி நின்று ஆவி காட்டி, ஆறும்வரை அப்படியே விட்டுவிடுங்கள். இஸ்திரிப் பெட்டியை நேராக வைத்தால் நைலான் உருகிவிடும். கஞ்சி போட வேண்டியதே இல்லை, பூச்சிதான் வரும்.

துணி ஒரு உருவத்தை எவ்வளவு மாற்றும் என்று பார்க்க விரும்புகிறவர்கள் பிரெஞ்சு ஓவியர் எட்கர் டெகாவின் 'பதினான்கு வயதுச் சிறு நடனக்காரி' சிலையின் படங்களைத் தேடிப் பாருங்கள். 1881-இல் பாரிஸ் கண்காட்சியில் அவர் வைத்த மெழுகு உருவத்துக்கு நிஜத் துணியில் பாவாடையும், தலையில் நிஜ ரிப்பனும் இருந்தன. ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவான உயரம். அவர் இறந்தபின் வார்த்த வெண்கலப் பிரதிகள் பல நாட்டு அருங்காட்சியகங்களில் நிற்கின்றன. ஒன்றில் பாவாடை குட்டை, இன்னொன்றில் முழங்காலை எட்டும். முகம் மாறவில்லை, பாவாடை மாறியதும் சிறுமியின் தோரணையே வேறாகிறது. நீளத்தை முடிவுசெய்யும் முன் நெட்டைப் பொம்மை மேல் குண்டூசியால் குத்தி வைத்து, எட்டடி தள்ளி நின்று பார்க்கும் பழக்கம் எனக்கு இந்தப் படங்களால் வந்தது.

நெருப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1862-இல் பாரிஸ் ஆப்பெரா ஒத்திகையில் எம்மா லிவ்ரி என்ற இளம் நடனக்காரியின் பாவாடை விளக்கில் பட்டுத் தீப்பிடித்தது. சில மாதங்கள் வேதனைப்பட்டு 1863-இல் இறந்தார். தீப்பிடிக்காமல் இருக்க அன்றே ஒரு மருந்து முக்கும் வழக்கம் வந்திருந்தது. அது பாவாடையின் அழகைக் கெடுக்கிறது என்று நடனக்காரிகள் விரும்பவில்லை. இன்றைய நைலான் நெட்டும் எரியும், உருகி ஒட்டவும் செய்யும். கொலுப்படியில் இந்தப் பொம்மைகளை வைக்கிறவர்கள் குத்துவிளக்குக்கு எட்டாத படியில் வையுங்கள்.

எடுத்து வைக்கும்போது உடையைக் கழற்றி, தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள். பாவாடை தொய்யாமல் இருக்க, நடனக்குழுக்களில் அப்படித்தான் வைக்கிறார்கள். அந்துருண்டை போடாதீர்கள், அது சில பிளாஸ்டிக்கை இளக்கிவிடும்.

தொடங்க நினைப்பவர்களுக்கு: அரை மீட்டர் வெள்ளை சாஃப்ட் நெட், ஒரு சாண் மல், இரண்டு டிச் பட்டன், பழைய பட்டு ஜாக்கெட்டில் மிஞ்சிய துண்டு. இவை போதும். முதலில் தட்டுப் பாவாடை தையுங்கள். அது கைக்கு வந்தபின் தாலியோனியின் நீளப் பாவாடைக்குப் போங்கள்.