பாட்டை மாஸ்டரிங்குக்கு அனுப்பும் முன்

நம் சங்கத்துக் குழந்தைகள் பாடிய ஒன்பது திருப்புகழ்ப் பாடல்களைப் பொங்கல் விழாவில் வெளியிட்டோம் அல்லவா? ஏழாவது பாட்டின் தொடக்கத்தில் மட்டும் குரல் ஏன் கரகரக்கிறது என்று பலர் கேட்டார்கள். 'மைக் கொஞ்சம் கோளாறு' என்று சமாளித்து வந்தேன். மைக் மேல் தப்பில்லை. தப்பு என்னுடையது. இப்போது பல வீடுகளில் கம்ப்யூட்டரிலேயே பதிவு செய்யத் தொடங்கிவிட்டதால், மற்றவர்களாவது தப்பிக்கட்டும் என்று இதை எழுதுகிறேன்.

வாய்ப்பாட்டு, வயலின், மிருதங்கம், தம்புரா எல்லாவற்றையும் தனித்தனியே பதிந்து, எது எவ்வளவு கேட்கவேண்டும் என்று பார்த்துச் சேர்ப்பது மிக்ஸிங். அது சமையல். சமைத்து முடித்த ஒன்பது பாட்டையும் ஒரே தொகுப்பாக்கி, ஒன்று கத்தி இன்னொன்று முனகாமல், கார் ஸ்பீக்கரிலும் காதில் செருகும் ஹெட்போனிலும் நன்றாகக் கேட்கும்படி ஒழுங்கு செய்வது மாஸ்டரிங். அது பந்தி பரிமாறுவது. பரிமாறுகிறவர் எத்தனை கெட்டிக்காரராக இருந்தாலும் சாம்பாரில் கரைந்துவிட்ட உப்பை எடுக்க முடியாது.

நான் கேசட் காலத்து ஆசாமி. நாடாவில் எப்போதும் 'உஸ்' என்று ஓர் இரைச்சல் இருக்கும். அதை அமுக்குவதற்காக ஊசி சிவப்புக் கோட்டைத் தொடும்வரை சத்தத்தை ஏற்றிப் பதிவோம். கொஞ்சம் மீறினாலும் நாடா பொறுத்துக்கொள்ளும். ஒலி சற்றுத் தடிக்கும், அவ்வளவுதான். கம்ப்யூட்டர் பதிவில் அந்தப் பொறுமை கிடையாது. அங்கே 0 டெசிபல் என்பது கூரை. பதியும்போது அதற்கு மேல் எழும் அலையின் தலை அப்படியே வெட்டுப்படும். வெட்டிய தலையைப் பிறகு யாரும் முழுசாக ஒட்டவைக்க முடியாது.

ஆகவே பொங்கல் பானையைப் போல, மேலே இடம் விட்டு வையுங்கள். மிக்ஸிங் முடிந்த பாட்டில் மிக உயர்ந்த சத்தம், அநேகமாக மிருதங்கத்தின் ஓர் அடி, மைனஸ் 6 டெசிபல் அருகே நின்றால் நல்லது. மைனஸ் 3 வரை போனாலும் பாதகமில்லை. 'சத்தம் குறைந்தால் தரம் குறையாதா?' என்று என் மகனே கேட்டான். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பிட்டுக்கு ஏறக்குறைய 6 டெசிபல். 24 பிட்டில் பதிந்து 6 டெசிபல் இடம் விட்டால் போவது ஒரே ஒரு பிட்; மிச்சம் 23. சி.டி.யில் இருப்பதே 16 பிட்தான்!

நான் செய்தது இதற்கு நேர்மாறு. ஒன்பது பாட்டின் மேலும் லிமிட்டர் என்ற கருவியைப் போட்டு, கூரை முட்ட உயர்த்தி அனுப்பினேன். வீட்டில் கேட்டபோது பிரமாதமாக இருந்தது; சத்தமாக இருப்பதெல்லாம் முதலில் பிரமாதமாகத்தான் இருக்கும். சென்னையிலிருந்து மாஸ்டரிங் செய்பவர் போன் செய்தார். "சார், எல்லாத்தையும் நசுக்கிட்டீங்களே, நான் இதுல என்ன செய்யறது? லிமிட்டர் போடாததை அனுப்புங்க" என்றார். எட்டுப் பாட்டுக்கு அனுப்பினேன். ஏழாவதுக்கு அனுப்ப ஒன்றுமில்லை. டிஸ்கில் இடம் போதவில்லை என்று அதன் தனித்தனிப் பதிவுகளை அழித்திருந்தேன்.

குழந்தைகள் திரும்பப் பாடிவிட்டார்கள். ஆனால் அந்தப் பாட்டுக்கு முன்னால் வரும் விருத்தம் நம் பாட்டு டீச்சர் பாடியது. அவர் அதற்குள் கும்பகோணத்தில் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். தொண்டையில் அறுவை சிகிச்சை ஆனபின் பாடுவதில்லை. மேல் ஸட்ஜத்தில் அவர் நிற்கும் இடம் உங்களுக்குத் தெரியும். சரியாக அந்த இடம்தான் நசுங்கியிருக்கிறது. சென்னைக்காரர் முடிந்தவரை கரகரப்பைக் குறைத்துத் தந்தார்.

இத்தனைக்கும் அந்தச் சத்தத்தால் லாபமும் இல்லை. ஸ்பாட்டிஃபை போன்ற சேவைகள் பாடல்களை ஏறக்குறைய ஒரே உரப்புக்குக் கொண்டுவந்துதான் ஒலிக்கச் செய்கின்றன. நாம் ஏற்றியதை அவர்கள் இறக்கிவிடுவார்கள். நசுங்கல் மட்டும் மிஞ்சும்.

மற்றவை சின்ன விஷயங்கள். எம்பி3 ஆக்கி அனுப்பாதீர்கள். வேவ் ஃபைலாக, 24 பிட்டிலேயே அனுப்புங்கள். 48,000 ஹெர்ட்ஸில் பதிந்திருந்தால் அப்படியே இருக்கட்டும், சி.டி.க்குத் தேவையான 44,100-க்கு மாற்றுவதை அவர் கடைசியில் ஒரே தடவை செய்துகொள்வார். பாட்டின் முன்னும் பின்னும் சில விநாடிகள் விட்டு வெட்டுங்கள். தம்புராவின் ஒலி தானாக அடங்கட்டும். மெதுவாக மறையச் செய்வதையும் அவரிடமே விடலாம். நம் தில்லிக் கோடையில் கூலரை நிறுத்தாமல் பதிந்துவிட்டு, இரைச்சலை நீக்கும் மென்பொருளால் சுரண்டினால், கூலரோடு தம்புராவின் ஜீவனும் போகும். வியர்த்தாலும் கூலரை நிறுத்துங்கள்.

பாட்டின் வரிசை, இடைவெளி, ராகம், தாளம், பாடியவர் பெயர் எல்லாவற்றையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் தட்டச்சு செய்து அனுப்புங்கள். போனில் சொல்லி, 'வள்ளி' எங்கள் உறையில் 'வல்லி' ஆனாள்.

பதிந்த மூலங்களை இரண்டு தனி டிஸ்கில் வையுங்கள். ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும்.

ஒரு வேண்டுகோள். பழைய நவராத்திரிகளில் டீச்சர் பாடியதை யாராவது கேசட்டில் பிடித்திருந்தால் தயவுசெய்து எனக்குச் சொல்லுங்கள். நீங்களே போட்டுப் பார்க்க வேண்டாம். வெகுநாள் கிடந்த நாடா சிக்கிக்கொள்ளும். வீட்டுக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன். 24 பிட்டில், மேலே இடம் விட்டு, உள்ளதை உள்ளபடி ஏற்றிவிட்டுக் கேசட்டைத் திருப்பித் தந்துவிடுவேன்.